உப்புப் பார்க்க ஆளில்லை

கீழ்பென்னாத்தூரைத் தாண்டி ஒரு வேர்க்கடலைக் கொல்லை. அதன் ஓரத்தில் வேப்பமரத்தடியில் செங்கல் அடுக்கி மூட்டிய அடுப்புகள். பெரிய அடுப்பின்மேல் என் கடையிலேயே பெரிய பிரியாணி தேக்சா. உள்ளே ஆட்டுக்கறி மசாலாவோடு கொதித்துக்கொண்டிருக்கிறது. சுற்றி மூன்று பேர் நிற்கிறோம்.

மத்தியானம் முந்நூறு பேர் சாப்பிட வேண்டும். கறியில் உப்பு சரியாக இருக்கிறதா என்று எங்கள் மூன்று பேரில் ஒருத்தராலும் சொல்ல முடியவில்லை.

ஒருவர் கரீம் பாய், பிரியாணி மாஸ்டர். ரம்ஜான் நோன்பு பிடித்திருக்கிறார். பொழுது சாயும்வரை பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது. இன்னொருவர் சேட்டு, பாயின் கைத்துணை. அவருக்கு நாலு நாளாகக் காய்ச்சல், நாக்கில் ருசியே தெரியவில்லை. மூன்றாவது ஆள் நான். நான் கறி சாப்பிடுவதில்லை.

எந்த வருடம் என்று கேட்காதீர்கள். நோன்பும் மாசி மாதமும் ஒன்றாக வந்த சமீபத்திய வருடங்களில் ஒன்று. காலை வெயில் அப்போதுதான் முதுகில் ஏற ஆரம்பித்திருந்தது. கொல்லையில் பனி காயவில்லை.

நான் சைவமான கதை

இந்தத் தொடரை இந்த வாரம்தான் கையில் எடுப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. என் பெயர் ஏழுமலை. திருவண்ணாமலையில் வாடகைப் பாத்திரக் கடை வைத்திருக்கிறேன். அண்டா, தேக்சா, கரண்டி, நாற்காலி, ஷாமியானா எல்லாம் கிடைக்கும்.

எங்கள் தொழிலில் பாத்திரத்துக்கும் சைவம், அசைவம் உண்டு. கறி சமைக்கும் பாத்திரத்தின் அடியில் சிவப்புப் பொட்டு வைத்திருப்பேன். சைவப் பாத்திரத்துக்குப் பச்சைப் பொட்டு. கடையில் இது இடது பக்கம், அது வலது பக்கம். துலக்குகிற நார்கூட வேறு வேறு. இதில் மட்டும் நான் யாரையும் ஏமாற்றியது கிடையாது.

ஏமாற்றியது என்னைப் பற்றித்தான். செங்கம் ரோட்டில், ஆசிரமத்துப் பக்கம் வீடு பிடித்துத் தங்கியிருந்த ஒரு அம்மா, வீட்டு விசேஷத்துக்குப் பாத்திரம் பார்க்க வந்தார். ஒவ்வொரு அண்டாவுக்குள்ளும் தலையை விட்டு மோந்து பார்த்தார்.

"இதுல மாமிசம் சமைச்சதே இல்லையே?"

"இல்லம்மா. பச்சப் பொட்டு வெச்சிருக்குது பாருங்க."

"பொட்ட யார் வேணா வைக்கலாமே. எப்படிங்க நம்புறது?"

எனக்குக் கொஞ்சம் ரோஷம் வந்துவிட்டது. "நானே சுத்த சைவம்மா. இத்தத் தொடுறதே நான்தான்" என்று சொல்லிவிட்டேன். அன்று காலையில் முந்தின நாள் மீன் குழம்பை ஊற்றி ஏழு இட்லி சாப்பிட்டுவிட்டு வந்திருந்தவன் நான்.

அந்த அம்மா என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு கையெடுத்துக் கும்பிட்டார். "அப்படின்னா சரிங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தக் கும்பிடுதான் என்னைக் கெடுத்தது. திட்டியிருந்தால் மறந்திருப்பேன். ராத்திரி வீட்டில் என் மனைவி சரோஜா கோழிக் குழம்பு வைத்திருந்தாள். தட்டின் முன்னால் உட்கார்ந்தால் எனக்குக் கை போகவில்லை. பக்தியெல்லாம் இல்லை, வெட்கம். ஒரு வாரம் சைவமாக இருந்துவிட்டால் அந்தப் பொய் கழிந்துபோகும் என்று எனக்கு நானே ஒரு தண்டனை போட்டுக்கொண்டேன்.

வாரம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை கறிக்கடை வரிசையில் போய் நின்றேன். முறை வந்தது. "எவ்ளோ போடட்டும்?" என்று கடைக்காரர் கேட்டபோது, இன்னும் ஒரு வாரம் இருந்துதான் பார்ப்போமே என்று தோன்றியது. வீட்டுக்கு மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன். அந்த இன்னும் ஒரு வாரம் நாலு வருடமாகிவிட்டது.

குழம்பு மட்டும் ஊத்திக்கோ

சைவமானதால் உடம்பு இலேசாகி மனசு பறந்தது என்றெல்லாம் சொல்ல மாட்டேன். எனக்கு எடை மூன்று கிலோ கூடியது. எல்லாம் உருளைக்கிழங்கு வறுவல்.

வீட்டில் யாரும் என்னோடு சேரவில்லை. நானும் சேரச் சொல்லவில்லை. சரோஜா முதல் மாதமே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "ஞாயித்துக்கெழமைல என்னால ரெண்டு கொழம்பு வைக்க முடியாது. உங்களுக்கு ரசமும் அப்பளமும். அதுக்கு மேல வேணும்னா நீங்களே அடுப்பண்ட வந்து நில்லுங்க." நின்றேன். இப்போது காரக்குழம்பு நன்றாகவே வைப்பேன்.

சொந்தக்காரர் வீடுகளில்தான் பெரிய கஷ்டம். நம்ம ஊரில் கறித்துண்டு இலையில் விழாவிட்டால் அது சைவம். "கறி போடலப்பா, கொழம்பு மட்டும் ஊத்திக்கோ" என்பார்கள். மீன் குழம்பிலிருந்து மாங்காயை மட்டும் பொறுக்கி எனக்காகத் தனிக் கிண்ணத்தில் எடுத்துவைத்த ஒரு சித்தி உண்டு. அந்தப் பிரியத்தை வேண்டாம் என்று சொல்வதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது.

இதற்கு நேர் எதிர் வகையும் உண்டு. ஆசிரமத்துப் பக்கம் சின்னச் சாப்பாட்டுக் கடை வைத்த ஒரு வெளிநாட்டுப் பையன், என் பச்சைப் பொட்டுப் பாத்திரத்தைப் பார்த்துவிட்டு, இதில் பால் காய்ச்சியிருக்கிறீர்களா என்று கேட்டான். பால், தயிர், நெய் எதுவும் படாத பாத்திரம்தான் வேண்டுமாம். நான் அதுவரை என்னைப் பெரிய சைவம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவன் கணக்கில் நானும் அசைவம்தான். இப்போது கடையில் மஞ்சள் பொட்டு என்று மூன்றாவது வரிசை ஒன்று இருக்கிறது.

என்னை விடாமல் கிண்டல் செய்தவர் கரீம் பாய்தான். நாங்கள் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. அவருடைய அப்பாவும் பிரியாணி மாஸ்டர், என் அப்பாவும் பாத்திரக் கடைக்காரர். "இது ரெண்டு மாசம் தாங்காது, எழுதி வெச்சிக்கோ" என்று முதலில் சொன்னார். பிறகு எனக்குச் சாமியார் என்று பெயர் வைத்தார். கடையில் ஆள் நிறைந்திருக்கும்போது, "சாமியார் இருக்காராபா?" என்று கேட்டுக்கொண்டேதான் வருவார்.

ஆனால் ஒன்று. எந்த விசேஷத்துக்கு நான் பாத்திரம் கொண்டுபோனாலும், கறி அடுப்பு மூட்டுவதற்கு முன்னால் முதல் வேலையாக எனக்கு ஒரு சின்னப் பாத்திரத்தில் கறியில்லாத மசாலா கிளறி வைத்துவிடுவார். பச்சைப் பொட்டுப் பாத்திரம், தனிக் கரண்டி. பின்னால் பெரிய உலையில் அரிசி வெந்ததும், கறியோடு சேர்ப்பதற்கு முன் கொஞ்சம் அள்ளி அதில் போட்டு மூடிவிடுவார். இதைச் சாமியார் சோறு என்பார். இதற்காக நான் அவரிடம் ஒரு நாளும் நன்றி சொன்னதில்லை. சொன்னால் அடிப்பார்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மேலே வரப்போவது புரியாது. நான் சிகரெட்டை மூன்று தடவை விட்டவன். பௌர்ணமி தவறாமல் மலை சுற்றுவேன் என்று ஆரம்பித்து, அடி அண்ணாமலை டீக்கடையோடு ஆட்டோ பிடித்துத் திரும்பியவன். இந்தி படிக்க வாங்கிய நோட்டில் சரோஜா பால் கணக்கு எழுதுகிறாள். ஆரம்பித்து நான் விடாமல் வைத்திருந்தது இந்த ஒன்றுதான். அதனால் அதன்மேல் எனக்கு ஒரு ஆசை, ஒரு கர்வம்கூட.

பூவாடைக்காரிக்கு முதல் இலை

இனி வேர்க்கடலைக் கொல்லைக்கு வருவோம்.

கொல்லைக்காரர் தனபால். எங்கள் இரண்டு பேருக்கும் பழைய சிநேகிதர். பேத்திக்குக் காது குத்து. நோன்பு மாதத்தில் பாய் பகல் சமையலுக்கு ஒத்துக்கொள்ள மாட்டார். தனபாலுக்காக ஒத்துக்கொண்டார்.

தனபால் வீட்டில் ஒரு வழக்கம். எந்த நல்ல காரியத்துக்கும் முதலில் பூவாடைக்காரிக்குப் படைக்க வேண்டும். சின்ன வயதிலேயே பூவோடும் பொட்டோடும் இறந்துபோன வீட்டுப் பெண்ணைத்தான் எங்கள் பக்கம் அப்படிக் கும்பிடுகிறோம். இவர்கள் வீட்டுப் பூவாடைக்காரி தனபாலின் அத்தை. அந்த அம்மாவுக்குப் பிரியாணி என்றால் உயிராம். அதனால் முதல் இலை அவருக்கு. அதைப் படைத்துக் கற்பூரம் காட்டும்வரை பங்காளி வகையறாவில் ஒருத்தரும் சமைத்ததை வாயில் வைக்கக் கூடாது.

அந்தத் தெரு முழுக்கப் பங்காளிகள். வெங்காயம் அரிய வந்த அம்மாக்கள், தண்ணீர் தூக்குகிறவர்கள் எல்லாருமே. வெளி ஆட்கள் பத்து மணிக்கு மேல் வேனில்தான் வருவார்கள். அதற்குள் அரிசி கறியோடு சேர்ந்து, மூடிமேல் கங்கு போட்டு தம்மில் இருக்க வேண்டும்.

பாய் கவலைப்படவில்லை. நோன்பு நாளில் சாயங்கால விருந்துக்குச் சமைக்கும்போதெல்லாம் அவருக்கு நாக்கு சேட்டுதான். பதினைந்து வருடப் பழக்கம். சேட்டு உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டு நக்கிப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

கம்மி பாய், கம்மி

அன்றும் சேட்டு நக்கிப் பார்த்தார். "கம்மி பாய்."

பாய் ஒரு கை உப்புப் போட்டுக் கிளறினார். சேட்டு மறுபடியும் பார்த்தார். "இன்னும் கம்மிதான்."

பாய் இன்னொரு கை போட்டார். கொஞ்சம் கொதிக்கவிட்டு, "இப்ப?" என்றார்.

சேட்டு நக்கிவிட்டு ஆகாயத்தைப் பார்த்தார். "இப்பவும் ஒண்ணும் தெரியலியே பாய்."

பாயின் கை உப்புச் சட்டிக்குப் போய் நின்றது. முப்பது வருடமாக அளந்து பழகிய கை. அதற்கு ஏதோ சந்தேகம் வந்துவிட்டது. பிழிவதற்காக அறுத்து வைத்திருந்த எலுமிச்சம்பழத்தில் ஒரு மூடியை எடுத்துச் சேட்டுவிடம் கொடுத்தார். "இத்தக் கடி."

சேட்டு கடித்தார். சாத்துக்குடி தின்பதுபோல நிதானமாக மென்றார். கண்கூடச் சுருங்கவில்லை.

"எவ்ளோ நாளாபா இப்படி?" என்று பாய் கேட்டார்.

"நாலு நாளா காய்ச்சலு பாய். நாக்குல ஒண்ணுமே தெரியல. சொன்னா ஊட்லயே உட்டுட்டு வந்துடுவீங்களேன்னுதான்."

பாய் அவரைத் திட்டவில்லை. அப்படியே செங்கல்மேல் உட்கார்ந்துவிட்டார். இரண்டு கை உப்பு அதிகமாக விழுந்திருக்கலாம். முதலில் நிஜமாகவே குறைவாக இருந்து, இப்போது சரியாகவும் இருக்கலாம். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அந்த நேரம் பார்த்துத் தனபால் புது வேட்டியில் வந்து, "வாசன தெருக்கோடி வரைக்கும் வருது பாய்" என்று சொல்லிவிட்டுப் போனார். பாயின் முகத்தில் ஈயாடவில்லை.

"உங்க மார்க்கத்துல இதுக்கு ஒரு வழி இருக்குமே?" என்றேன்.

"இருக்குது. சமைக்கிறவன் நாக்கு நுனில வெச்சிப் பாத்துட்டுத் துப்பிடலாம். உள்ள போவாத வரைக்கும் நோன்பு முறியாது."

"அப்ப பாரேன்."

"என் தொண்ட எனக்குத் தெரியும்பா. முப்பது வருஷமா ருசி பாத்து முழுங்கியே பழகினது. என்னிய கேக்காம உள்ள இட்டுக்கும். அதுக்குப் பயந்துதான சேட்டுவ கூடவே வெச்சிருக்கேன்."

சேட்டு எலுமிச்சம்பழத் தோலைக் கையில் வைத்துக்கொண்டு குற்றவாளிபோல நின்றார்.

"நான் பாக்கறேன்" என்றேன்.

உன் மூஞ்சி சரியில்ல

பாய் தலையைத் தூக்கிப் பார்த்தார். "நாலு வருஷம்பா."

"தெரியும். நானும் துப்பிடறேன்."

வேறு வழி தெரியவில்லை. பாய் கரண்டியை விட்டு எடுத்து, என் உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றினார். சூடு சுரீர் என்றது.

இத்தனை வருடம் கழித்துக் கறியை வாய்க்குக் கிட்டே கொண்டுபோனால் எனக்குக் குமட்டும் என்று நினைத்திருந்தேன். பலரிடம் அப்படிச் சொல்லியும் இருக்கிறேன். குமட்டவில்லை. பட்டை, கிராம்பு, புதினா, அதற்கு அடியில் அந்தக் கொழுப்பின் வாசனை. கரண்டி விளிம்பில் ஒரு நல்லி எலும்பு எட்டிப் பார்த்தது. எனக்கு வாய் ஊறிவிட்டது. எவ்வளவு ஊறியது என்றால், பேச முடியாத அளவுக்கு.

உண்மையை எழுதிவிடுகிறேன். அந்த நொடியில் எனக்கு உப்பும் ஞாபகமில்லை, முந்நூறு பேரும் ஞாபகமில்லை. நல்ல சாக்கு கிடைத்தது, ஒருத்தரும் குறை சொல்ல மாட்டார்கள் என்றுதான் மனசில் ஓடியது. நாலு வருடம் என் உள்ளங்கையில் ஆவி பறந்துகொண்டிருந்தது.

கை வாய்க்குப் போகும்போது பாய் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"கொட்டு."

"இன்னாபா?"

"கீழ கொட்டு. உன் மூஞ்சி சரியில்ல. நீ உப்புப் பாக்க வரல, சாப்பிட வந்துட்ட. நீ துப்ப மாட்ட."

எனக்குக் கோபம் வந்தது. உண்மையைச் சொன்னதால் வந்த கோபம். "நீ மட்டும் துப்பிடுவியா?"

"துப்பத்தான் பாப்பேன். தவறி உள்ள போயிடிச்சின்னா, ரம்ஜான் முடிஞ்சி வேற ஒரு நாள் நோன்பு புடிச்சி ஈடு கட்டிடுவேன். எனக்கு ஒரு நாளுதான். உன் நாலு வருஷத்த எங்கபா போயி புடிக்கிறது?"

நாலு வருடமாகச் சாமியார் என்று என்னை ஊர் சிரிக்க வைத்த மனுஷன் இதைச் சொன்னார். கையிலிருந்ததை மண்ணில் கொட்டினேன். கறியைக் கொட்டினோமே என்று அப்போதும் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

பாய் கையைக் கழுவினார். ஒரு சொட்டை விரலில் தொட்டு, கண்ணை மூடி, நாக்கு நுனியில் வைத்தார். உடனே கொல்லைப் பக்கம் குனிந்து துப்பினார். சொம்புத் தண்ணீரில் மூன்று தடவை வாய் கொப்பளித்தார். ஒவ்வொரு தடவையும் நெற்றி முழங்காலில் இடிக்கிற அளவுக்குக் குனிந்தார், ஒரு துளியும் பின்னால் போய்விடக் கூடாதென்று. பிறகு கொஞ்ச நேரம் தொண்டையைத் தடவிக்கொண்டு நின்றார்.

"முழுங்கல" என்றார்.

"அல்லாவுக்கு நன்றி பாய்" என்றார் சேட்டு. அவர் தினம் நெற்றி நிறைய விபூதி பூசுகிறவர்.

"உப்பு ஜாஸ்தி" என்றார் பாய்.

ஆனால் அதைச் சொல்லும்போது அவர் முகம் தெளிந்திருந்தது. தெரிந்துவிட்டால் அவருக்குப் போதும். அரிசி வேகிற உலையில் வழக்கமாகப் போடும் உப்பை அன்று ஒரு கல்கூடப் போடவில்லை. வெறும் தண்ணீரில் அரிசியை அரைவேக்காடு வேக வைத்து, வடித்து, கறியோடு சேர்த்து தம் போட்டார். கறியில் இருந்த அதிகப்படி உப்பை அரிசி இழுத்துக்கொள்ளும். வேன் வந்து நின்றபோது மூடிமேல் கங்கு கனிந்துகொண்டிருந்தது.

என் சின்னப் பாத்திரம்

அத்தைக்கு முதல் இலை போட்டுக் கற்பூரம் காட்டினார்கள். குழந்தை மாமன் மடியில் உட்கார்ந்து, ஊசி படுவதற்கு முன்பே ஊரைக் கூட்டி அழுதது. பிறகு பந்தி. முதல் பந்தி எழுந்திருக்கவே மாட்டேன் என்றது. தனபால் வாயில் ஒரு கவளத்தோடு வந்து பாயின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். பேசவில்லை, அவரால் பேச முடியவில்லை, வாய் நிறையச் சோறு.

கடைசிப் பந்தியில் நான் உட்கார்ந்தேன். பாய் தானே என் சின்னப் பாத்திரத்தைக் கொண்டுவந்து இலையில் போட்டார். ஒரு வாய் வைத்தேன்.

உப்பே இல்லை. சப்பென்று இருந்தது.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. அந்த அரிசி பெரிய உலையிலிருந்து அள்ளியது. மற்றவர்களுக்கு அதைச் சரிக்கட்ட உப்புக் கரிக்கும் கறி இருந்தது. எனக்குக் காலையில் கிளறிய கறியில்லாத மசாலாதான். அவ்வளவு களேபரத்தில் பாய்க்கு அது தோன்றவில்லை. அந்தப் பாத்திரத்துக்கு உப்புப் பார்த்திருக்க வேண்டிய ஒரே ஆள் நான்தான். எனக்கும் தோன்றவில்லை.

பாய் எதிரில் நின்றார். உதடு வெடித்திருந்தது. விடியற்காலையிலிருந்து நெருப்பின் முன்னால் நின்றவர்.

"உன்துல உப்பு எப்படிபா?"

"சரியா இருக்குது பாய்."

"நெஜமா?"

"இன்னும் ரெண்டு கரண்டி போடு."

போட்டார். தயிர்ப் பச்சடியும் கத்திரிக்காயும் துணைக்கு இருந்தன. ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு இலையை மூடினேன். பாய் சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டுப் போனார். பெரிய தேக்சாவைக் கவிழ்த்தபோது அதில் ஒரு பிடிகூட மிச்சமில்லை. மிச்சமிருந்தது என் சின்னப் பாத்திரத்தில் கொஞ்சம்தான். நோன்பு திறக்க ஆகும் என்று பாய் அதை வீட்டுக்குக் கட்டிக்கொண்டார். அப்போதே நான் தடுத்திருக்க வேண்டும்.

சாயங்காலம் கடைக்குத் திரும்பி, பாத்திரங்களைத் துலக்கி இடமும் வலமும் அடுக்கிக்கொண்டிருந்தேன். பள்ளிவாசலில் பாங்கு சொல்லிக் கொஞ்ச நேரம் ஆகியிருக்கும். போன் வந்தது.

"ஏழுமல."

"சொல்லு பாய். நோன்பு தொறந்தாச்சா?"

"ஆச்சி. கஞ்சி குடிச்சிட்டு உன் சாமியார் சோத்த ரெண்டு வாய் வெச்சேன்."

நான் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தேன்.

"உப்பே இல்லியேபா."

"பச்சடியோட நல்லாதான் இருந்திச்சி பாய்."

"பொய் சொல்லித்தான சைவமான நீ. இன்னுமா அந்தப் பழக்கம் போவல? இன்னொரு தடவ என் சமையலுக்கு இப்படிப் பொய் சொன்னீன்னா, உன் பாத்திரத்துக்கு அடியில நல்லி எலும்பு ஒண்ணு போட்டு மூடிடுவேன், பாத்துக்கோ."

"போடு, பாக்கலாம்" என்றேன். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

அவர் போனை வைக்க மறந்துவிட்டார். மெல்லுகிற சத்தம் கேட்டது. பிறகு வீட்டில் யாரிடமோ, "இதுல இன்னும் ரெண்டு கரண்டி போடு" என்று சொன்னது கேட்டது.